வைக்கோல் கன்றைப் பறிமுதல் செய்தவன்

மிருகவதைத் தடுப்பு இன்ஸ்பெக்டர் என்பது, வாயில்லா ஜீவன்களுக்காக வாயுள்ள எல்லோரிடமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். மீட்டர் பார்க்கப் போய் நாயிடம் மாட்டிக்கொண்டவர்களே, பஸ்ஸில் டிக்கெட் கேட்டு முறைப்பு வாங்கிய கண்டக்டர்களே, ரேஷன் கடையில் 'இன்றைக்குச் சர்க்கரை இல்லை' என்று சொல்லிவிட்டு முழுசாக வீடு திரும்பியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

எண்பதுகளின் பின்பாதியில் தொடங்கி ஆறேழு வருஷம் ஒரு ஜீவகாருண்ய சங்கத்தில் எனக்கு அந்த வேலை. சங்கம் கொடுத்தது ஒரு காக்கிச் சட்டை, ஒரு நோட்டு, ஒரு விசில். சைக்கிள் என்னுடையது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை உள்ள ஆடு, மாடு, குதிரை, கோழி எல்லாம் என் பொறுப்பு. வதை செய்கிறவரைப் பிடித்து, எழுதி, ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். சாட்சிப் பொருளைப் பறிமுதல் செய்யலாம். அதற்கு மேல் ஒரு கோழி இறகைக்கூட அசைக்க எனக்கு அதிகாரம் இல்லை. என் மனைவி விஜயாவுக்கு ஆவடி தொழிற்சாலையில் கிளார்க் வேலை. குவார்ட்டர்ஸும் அவள் பேரில்தான். அங்கே அவளை எல்லோரும் விஜயா மேடம் என்பார்கள், என்னை மாட்டு போலீஸ் என்பார்கள்.

தலைகீழாகப் போன கோழிகள்

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்கு எதிரே ஒரு சைக்கிள்காரரை நிறுத்தினேன். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் கோழிகள், கால்களைக் கட்டி, தலைகீழாக. அப்படிக் கொண்டுபோவது குற்றம் என்றேன். "அப்ப எப்டி சார் எத்துகினு போறது?" என்றார். நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டும் என்றேன். நல்ல மனிதர், எதிர்த்துப் பேசவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்துக் கேரியரில் வரிசையாக உட்காரவைத்தார். அடுத்த நிமிஷம் அத்தனையும் டெப்போவுக்குள் புகுந்துவிட்டன.

அரைமணி நேரம் நானும் அவரும் இரண்டு டிரைவர்களும் பஸ்களுக்கு அடியில் படுத்துத் துரத்தினோம். என் காக்கி முழுக்க கிரீஸ். ஒன்றைத் தவிர மற்றவை கிடைத்தன. அவற்றைப் பழையபடி தலைகீழாகவே கட்டினார். நான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளம்பும்போது கோபமே இல்லாமல், சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார்: "தலகீயா தொங்கறது ஒரு மணி நேரம் கஸ்டம் சார். அப்பால ஊட்டுக்குப் போனா கொயம்பு. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் சட்டம் கீதா, கொயம்புக்கு இல்லியா?"

என் காலைப் பார்த்தவர்

அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வந்தது, சைக்கிள் மிதித்தால் வந்தது. கறி, மீன், முட்டையை அந்த வாரமே விட்டுவிட்டேன். விட்டதும் நான் சுத்தமானவன் என்று ஒரு நினைப்பும் வந்துவிட்டது. அந்த நினைப்போடு அம்பத்தூர் எஸ்டேட் வாசலில், இரும்புக் கம்பி ஏற்றிவந்த ஒரு மாட்டுவண்டியை மறித்தேன். நுகத்தடி பட்ட இடத்தில் மாட்டுக்கு ரூபாய் அகலத்துக்குப் புண், அதில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பாரத்தில் பாதியை இறக்கச் சொல்லி, நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். வண்டிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பளபளவென்று பாலீஷ் போட்ட என் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "மாட்டு கய்த்துல புண்ணு இர்ந்தா கேஸு. மாட்டயே உரிச்சி கால்ல மாட்டிகினு வந்து கேஸு எய்துறியே சார், அத்த யாரு எய்துறது?"

பங்கு

மறுநாளிலிருந்து ரப்பர் செருப்பு, இடுப்பில் பெல்ட்டுக்குப் பதில் கயிறு. சங்கத்துச் செயலாளர் யூனிஃபார்ம் ஒழுங்காக இல்லை என்று மெமோ கொடுத்தார். எனக்கோ எதைத் தொட்டாலும் அது எந்த மாட்டிலிருந்து வந்தது என்ற யோசனை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

அந்த நிலையில்தான் ஒரு காலையில் எங்கள் பால்காரர் ஏகாம்பரத்தைச் சரியாகப் பார்த்தேன். திருமுல்லைவாயில்காரர். எருமையை ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து ஊற்றுவார். கண்ணெதிரே கறந்தால்தான் தண்ணீர் கலக்கவில்லை என்று குவார்ட்டர்ஸ் பெண்கள் நம்புவார்கள். அவர் தோளில் எப்போதும் ஒரு வைக்கோல் கன்று தொங்கும். செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்தது. கால்களுக்குப் பதில் நாலு மூங்கில் குச்சி. அதை எருமையின் முன்னால் நிறுத்தி, முதுகில் உப்பும் தவிடும் தூவுவார். எருமை தன் கன்று என்று நக்கும், பால் சுரக்கும். ஒரு வருஷமாகத் தினமும் சொம்போடு பக்கத்தில் நின்றிருக்கிறேன், இது என் உத்தியோகத்தில் வருகிற விஷயம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

கன்று எப்படிச் செத்தது என்று கேட்டேன். "கடாக்கன்னு சார், நிக்கல" என்றார். பால் விட்டீர்களா என்று கேட்டேன். மடியைத் துடைத்துக்கொண்டே, மழை வருமா என்று கேட்டவனுக்குப் பதில் சொல்கிற தொனியில் சொன்னார்: "அது பங்கத்தான சார் ஒரு வருசமா நீ காப்பில ஊத்திகினு கீற."

பறிமுதல்

அன்றைக்குக் காப்பி இறங்கவில்லை. மறுநாள் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே விசில் ஊதி, நோட்டில் எழுதி, வைக்கோல் கன்றைப் பறிமுதல் செய்து என் சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டேன். ஏகாம்பரம் கறக்கவே ஆரம்பிக்கவில்லை. "இன்னா சார் இது" என்று வாளியோடு நின்றார். நான் ஸ்டேஷனை நோக்கி மிதித்தேன்.

ரயில்வே கேட்டருகே பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினால் எருமை. கயிற்றை இழுத்துக்கொண்டு, ஒரு வேலியையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு, கத்தியபடி ஓடிவருகிறது. ஷிப்டுக்குப் போகிற சைக்கிள்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. வேகமாக மிதித்தேன், அதுவும் வேகமாக வந்தது. ஸ்டேஷன் வாசலில் நான் சைக்கிளை நிறுத்தியதும் கேரியரில் இருந்த தோலை நக்க ஆரம்பித்தது. உப்பும் இல்லை, தவிடும் இல்லை, வெறும் தோல்தான். காம்புகளிலிருந்து பால் தானாகவே மண்ணில் சொட்டியது. ஏட்டு வெளியே வந்து, இதில் யாரை நான் உள்ளே வைப்பது என்று கேட்டார்.

வாளியோடு மூச்சிரைக்க ஓடிவந்த ஏகாம்பரம், முதல் காரியமாக அங்கேயே உட்கார்ந்து கறந்தார். மடி கனத்தால் எருமைக்கு வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. அத்தனை வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நோட்டிலிருந்து தாளைக் கிழித்துவிட்டு, கட்டை நானே அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கன்னு செத்த அன்னிக்கிகூட இப்டி கத்தல சார். நீ எத்துகினு வந்ததுக்குத்தான் கத்திகினு ஓடியாருது."

சாருக்கு வயிறு சரியில்லை

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரத்திடம் ஒரு பேரம் பேசினேன். அடுத்த ஈற்றில் பிறப்பது கடாக்கன்றானாலும் அது சாகக்கூடாது. எங்கள் வீட்டு அரை லிட்டர் இனி எங்களுக்கு வேண்டாம், பிறந்ததும் அதற்கு விட்டுவிட வேண்டும். "கன்னே இன்னும் பொறக்கல, அதுக்குள்ள பங்கு பிரிக்கிறியே" என்று சிரித்தார். ஆனால் சரி என்றார். வீட்டில் விஜயாவிடம், இனி எனக்குப் பால், தயிர், மோர், நெய் எதுவும் வேண்டாம் என்றேன். அவள் திருநெல்வேலிக்காரி, காப்பியை விட்டுக்கொடுக்கிற பரம்பரை இல்லை. பால் பூத்தில் தனக்கென்று கார்டு போட்டுக்கொண்டாள். இப்போது இப்படி இருப்பவர்களை வீகன் என்கிறார்களாம். அப்போது எங்கள் குவார்ட்டர்ஸில் இதற்கு இருந்த பெயர் 'சாருக்கு வயிறு சரியில்லை'. பார்க்கிறவர்கள் எல்லாம் சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்.

விஜயாவின் மேலதிகாரி வீட்டு கிரகப்பிரவேசத்தில் பாயசத்தை வேண்டாம் என்றேன். அந்த அம்மாள் சர்க்கரை வியாதியா என்று கேட்டார். விஜயா கண்ணால் எச்சரித்தும் கேளாமல், எருமைக் கன்று விஷயத்தை முழுக்கச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு கரண்டியை வாளிக்குள் வைத்துவிட்டு, எனக்காக நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்: "பசுவா இருந்தா ஒரு புண்ணியமாவது உண்டு. போயும் போயும் எருமைக்கா சார் பட்டினி கிடக்கறீங்க?"

கடாக்கன்று

அடுத்த வருஷம் எருமை ஈன்றது. கடாக்கன்று. அன்றிலிருந்து தினமும் டூட்டிக்கு முன்னால் திருமுல்லைவாயில் கொட்டகைக்குப் போய்விடுவேன். ஏகாம்பரம் வாக்கு மாறவில்லை, கன்றுக்கென்று ஒரு காம்பைக் கறக்காமல் விட்டுவிட்டார். இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. கன்றின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். மெத்தென்று இருந்தால் அன்று முழுவதும் சைக்கிள் லேசாக ஓடும். கொஞ்சம் ஒட்டியிருந்தால் மதியமும் ஒருமுறை வருவேன். நான் சந்தில் திரும்பினாலே அது கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து என் கையை முட்டும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா அடுப்படியிலிருந்து இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார். நாலாவது மாதமோ என்னவோ, ஒரு காலையில் நான் வயிற்றைத் தடவிக்கொண்டிருக்கும்போது கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "கன்னு வயிற டெய்லி தொட்டுப் பாக்குற. எங்கூட்டுப் புள்ளிங்க துன்னுச்சான்னு ஒரு நாளாவது கேட்டுகீறியா சார்?"

ஒப்படைப்பு

இரண்டு வருஷம் ஓடிற்று. கன்று பால் மறந்தது. நான் பாலுக்குத் திரும்பவில்லை. அது ஆளுயரக் கடாவாகி, மற்ற எருமைகளின் தீவனத்தைத் தின்றது. கறக்கவும் ஆகாது, கொட்டகையில் இடமும் இல்லை. கசாப்புக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஏகாம்பரம் கொடுக்கவில்லை. ஒரு காலையில், ஊரே ஷிப்டுக்குப் போகிற நேரத்தில், அதை ஓட்டிவந்து எங்கள் குவார்ட்டர்ஸ் கேட்டில் கட்டினார். "உயிரோட உட்டாச்சு சார். இன்னா பண்றது, அத்தயும் நீயே சொல்லிடு" என்றார். குவார்ட்டர்ஸில் ஆடு மாடு வைக்கக்கூடாது என்பது விதி. விஜயா வாசலில் நின்று என்னையும் கடாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று மாலைக்குள் இடம் பார்க்காவிட்டால் மறுநாள் அவள் ஆபீசில் பதில் சொல்ல வேண்டும்.

சங்கத்துக்கு ஓடினேன். பசுமடம் இருக்கிறது, பசுவுக்குத்தான் என்றார்கள். இரண்டு கோவில்களில் கேட்டேன், எருமையா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே, கசாப்புக் கத்திக்கும் நுகத்தடிக்கும் வெளியே ஒரு கடாவுக்கு நிற்க இடமே இல்லை என்று அன்றுதான் கண்டுபிடித்தேன். கடைசியில் கட்டடம் கட்டுகிற இடங்களுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுகிற ஒருவர் அம்பத்தூரில் சம்மதித்தார். அடிக்கமாட்டேன் என்று சத்தியமும் செய்தார். அவரோடு கடா வர மறுத்தது. நான் கயிற்றைப் பிடித்ததும் வந்தது. ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை என் கையை முட்டிக்கொண்டே நடந்தது. வண்டியருகே போனதும் நுகத்தடியைப் பார்த்து மிரண்டது. நான் வயிற்றைத் தடவிக்கொடுத்தேன், அமைதியாகிவிட்டது. தானாகவே குனிந்து, என் கைக்குப் பக்கத்திலேயே கழுத்தை வைத்தது. பூட்டாங்கயிற்றை மாட்டிய வண்டிக்காரருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஒரு அடி அடிக்கல, அதுவாவே கய்த்த குடுக்குதே. இவ்ளோ நல்லா யாரு சார் பயக்கி வெச்சது?"

ஒரு உயிரை வதையிலிருந்து காப்பாற்றுவதற்குச் சட்டம் உண்டு, சக தோழர்களே; காப்பாற்றியவனை அது நம்பிவிடாமல் தடுப்பதற்குத்தான் இன்னும் ஒரு செக்‌ஷனும் வரவில்லை.