ஐஸ் வைக்காதீர்கள்: வடகரைக்கு ஓர் இரத்தப் பயணம்

போன ஜூலையில், குற்றாலச் சீசன் களைகட்டிய நேரத்தில், தென்காசிக்குப் போனேன். அருவியில் குளிக்க அல்ல, வடகரை மைமூன் அக்காவின் இரத்தத்தை வாங்கி வர. எனக்குச் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் வேலை. கொரோனா உருமாற உருமாற, நம் உடம்பின் பழைய எதிர்ப்புப் புரதங்கள் அதை அடையாளம் தெரியாமல் கோட்டை விட்டுவிடும். முன்பு கூரியரில் வந்த அக்காவின் இரத்த மாதிரி மட்டும் நாங்கள் சோதித்த அத்தனை வகையையும் மடக்கியது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் செல் எங்களுக்கு உயிரோடு வேண்டும்.

எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ், காலையில் தென்காசி. பண்பொழிப் பக்கமாக வடகரைக்கு ஆட்டோ. நாள் முழுக்க ஆயிரத்து இருநூறு ரூபாய். அந்தச் சாரலில் பேரம் பேசவே தோன்றவில்லை.

அக்கா வீட்டிலேயே தையல் தைக்கிறார். கணவர் துபாயில் கொரோனா முதல் அலையில் இறந்துபோனார். உடலைக்கூட இவர் பார்க்கவில்லை. நானே இரத்தம் எடுத்து, கொண்டுபோன பெட்டியில் வைத்து, ஆட்டோவில் ஏற்றினேன். "சாப்பிடாம அனுப்புனா ஊரே என்னைய ஏசும்" என்று நெய்ச்சோறு போட்டார். சாப்பிட்டு வெளியே வந்தால் ஆட்டோ அண்ணாச்சி பெருமையாக நிற்கிறார்.

"ரத்தம் கெட்டுப்போயிரும்லா? மீன்கடையில ஐஸ் வாங்கிப் போட்டுட்டேன்."

அட கடவுளே! அந்தச் செல்களுக்கு ஐஸ் ஆகாது, அறைச் சூடுதான் வேண்டும். குழாய்கள் முழுக்கப் புதைந்து கிடந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு முறை எடுக்க ஆய்வக விதிகள் இடம் கொடுத்தன. கேட்கத்தான் வாய் வரவில்லை.

அக்கா மறு கையை நீட்டினார். "இதுக்கா அழுதிய? இந்தக் கையிலயும் அதான ஓடுது, எடுங்க. அண்ணாச்சிய ஏசாதிங்க, நல்லதுக்குத்தான செஞ்சாவ."

திரும்பும்போது ரயிலுக்கு நேரமிருந்தது. அண்ணாச்சி குற்றாலத்தில் நிறுத்தி, "ஐந்தருவியில ஒரு குளியல் போட்டுட்டு வாங்க. பெட்டி என் மடியில இருக்கும், ஈ அண்டாது" என்றார். குளித்து வந்தபோது அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: சீசனில் ரயில் டிக்கெட் முன்கூட்டியே எடுங்கள். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. பெட்டியில் என்ன இருக்கிறது, அதை எப்படி வைக்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறு கையில் எடுத்த செல்கள் பிழைத்தன. அவற்றில் ஒன்றிலிருந்து அந்தப் புரதமும் கிடைத்தது. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு வந்துச்சே, அந்தக் கொரோனாவையும் இது நிறுத்துதா?"

"லேப்ல நிறுத்துதுக்கா. மனுஷங்களுக்கு மருந்தாகுமான்னு பார்க்க இன்னும் வருஷக்கணக்குல வேலை இருக்கு."

போனில் தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

"சரிம்மா. இன்னும் வேணும்னா வாங்க. ஐஸ் வைக்காதியன்னு அண்ணாச்சிகிட்ட நானே சொல்லிருதேன்."