அத்தான் போட்ட பங்கு

நகரின் ஓரத்திலிருந்த பியர்பொன்ட்ஸில் அத்தான் வாங்கிய வீட்டில் பால் காய்ச்சிய மறுநாள் அந்தப் பிரீசர் வந்து இறங்கியது. சோபா இன்னும் வரவில்லை. சாப்பாட்டு மேசையும் வரவில்லை. பிரீசர் மேல்மூடி திறக்கும் வகை. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். நிலவறைக்கு இறங்கும் படியில் அது பாதியில் சிக்கிக்கொண்டது. கதவைக் கழற்றினோம், கைப்பிடிக் கம்பியைக் கழற்றினோம், கடைசியில் அத்தான் தன் தடித்த ஜாக்கெட்டையும் கழற்றிவிட்டுச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் தன்னையே ஆப்பாக வைத்து அதை இறக்கினார். மேல்படியில் நின்ற அக்கா, "புது வீட்டுக்குள்ள முதல் முதல் சவப்பெட்டியையோ இறக்கிறியள்?" என்று கேட்டார். அத்தான் அதன் மூடியில் குந்தி மூச்சு வாங்கினார்.

அக்காவின் கணவரான அத்தான் துறைமுகத்தில் கொள்கலன்கள் அடுக்கும் முற்றத்தில் வேலை செய்தார். அதற்கு முன் அவர்கள் இருந்தது கோட்-தே-நேஜ் தொடர்மாடி ஒன்றில். அங்கே அவர்கள் வீட்டுக் கதவு பூட்டப்பட்டு நான் கண்டதில்லை. வாசலில் எப்போதும் பிறர் சப்பாத்துகள் கிடக்கும். உள்ளே 304 சீட்டாட்டம் நடக்கும். தோற்றவன் தேத்தண்ணீர் போடவேண்டும். பியர்பொன்ட்ஸ் வேறு உலகம். மெற்றோவின் கடைசித் தரிப்பு வரை போய், பஸ் எடுத்து, அது ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டி முடித்தபின் இறங்கி நடக்கவேண்டும். பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லோரும் வீட்டைப் புகழ்ந்தார்கள். "பேந்து வாறம் அண்ணை" என்றார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. முதல் பனி விழுந்த சனிக்கிழமை நான் போயிருந்தேன். அத்தான் வீட்டு முற்றத்தில் மூன்று கார் நிற்கும் அகலத்துக்குப் பனியை வழித்துவைத்திருந்தார். அவரிடம் இருந்தது ஒரு கார். வழித்து முடித்துவிட்டு, பனி அள்ளும் சவளில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனிமை என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மச்சான், மாடு ஒண்டு பங்கு போடுவமோ?"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பங்கு இறைச்சி என்பது பழைய ஒழுங்கு. நாலைந்து வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கும். பங்குக்காரர் எத்தனை பேரோ அத்தனை குவியல். ஒவ்வொரு குவியலிலும் தசை, எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் இருக்கவேண்டும். உனக்குத் தொடை எனக்குக் கழுத்தா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அத்தானின் கூட்டத்தில் ஆறு வீடுகள் சேர்ந்தன. நோத்ர-டாம்-த-கிரேஸில் தனியாக அறை எடுத்திருந்த நானும் ஒரு வீடாகக் கணக்கிடப்பட்டேன். ஆட்டுக்குப் பதில் மாடு என்றதும் சிலருக்குத் தயக்கம். ஊரில் கணக்குப் படிப்பித்த, நெற்றியில் திருநீறு காயாத மாஸ்டர்தான் அதைத் தீர்த்துவைத்தார். "எங்கட வீட்டு மாட்டைத்தான் நாங்கள் கும்பிடுறது. இது பிரெஞ்சு கதைக்கிற மாடு. இதுக்கும் எங்களுக்கும் ஒரு சொந்தமும் இல்லை" என்றார். மாட்டிறைச்சி தொடாத அக்கா இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆனாலும் சட்டம் போட்டு விட்டுக்கொடுத்தார்: சமையல் கராஜில், சட்டி வேறு, வெள்ளிக்கிழமை பிரீசர் மூடி திறக்கக்கூடாது, நிலவறையின் கடைசிப் படிக்கு அப்பால் தான் கால் வைக்கப்போவதில்லை.

துறைமுகத்தில் அத்தானோடு வேலை செய்த ஒருவரின் தமையன் நகரத்துக்கு வெளியே மாட்டுப்பண்ணை வைத்திருந்தார். முதல் சிக்கல் தொலைபேசியிலேயே வந்தது. மாட்டை அடித்தபின் இரண்டு கிழமை குளிரறையில் தொங்கவிடவேண்டும், அப்போதுதான் இறைச்சி பதமாகும் என்றார் பண்ணைக்காரர். மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்த நான் அதை மொழிபெயர்த்தேன். விடிய அடித்து மத்தியானம் சட்டியில் இறக்கும் ஊரிலிருந்து வந்த அத்தான் நெஞ்சில் கை வைத்தார். "செத்து ரெண்டு கிழமையோ? அந்தியேட்டிக் கிரியைக்கே நாள் வைக்கிற நேரமாச்சே!"

இரண்டாவது சிக்கல் அந்த இரண்டு கிழமை கழிந்தபின் பண்ணையில். அத்தான், மாஸ்டர், நான் மூவரும் ஒரு வாடகை வான் வண்டியில் போயிருந்தோம். சிவந்த கழுத்தும் பெரிய கைகளுமாக இருந்த பண்ணைக்காரர் வெட்டும் மேசையைத் துடைத்துவிட்டு, ஸ்டேக் துண்டு எவ்வளவு தடிப்பு வேண்டும், ஒரு பொதியில் எத்தனை, வாட்டும் துண்டு எத்தனை பேருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தான் தன் பெருவிரலின் நுனிக்கணுவைக் காட்டினார். "எல்லாம் இவ்வளவு. எலும்போடை. எல்லாத்தையும் ஒண்டாய்க் கலக்கச் சொல்லு, மச்சான்." நான் சொன்னேன். என் பிரெஞ்சில் பிழை என்று நினைத்து அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் உள்ளே போய், முதுகின் உட்புறத்தில் ஓடும் அந்த நீளமான மென்தசையைப் பிறந்த பிள்ளையைப் போல இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். "இதையுமா?"

"ஓம், அதையும்தான். அதை மட்டும் ஆர் வீட்டுக்குக் குடுக்கிறது? சண்டை வரும்" என்றார் அத்தான்.

பண்ணைக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். அவர் ஏப்ரனில் கை துடைத்தபடி வந்து, தசையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கணவரின் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார். மற்ற எல்லாவற்றையும் அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளில் அறுத்துத் தந்தார். மென்தசை முறை வந்ததும் கத்தியை அத்தான் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தார். அத்தான் அதைக் கருணைக்கிழங்கு வெட்டுவதுபோல வெட்டித் தள்ளினார். இன்று நான் அதே துண்டை, மெல்லிய தாளில் பொதிந்து, ஏதோ நகை வாங்குகிறவனைப்போலக் கடையில் வாங்குகிறேன். வாங்கும்போதெல்லாம் பனியில் நின்று புகைத்த அந்த முதுகு நினைவுக்கு வருகிறது. குடலும் வாலும் கால்களும் தனக்குத் தேவையில்லை என்று அவர் சும்மா தந்தபோது, உலகத்தில் முட்டாள்கள் யார் என்பதில் இரு தரப்புக்கும் ஐயம் இருக்கவில்லை.

நிலவறையில் பிளாஸ்டிக் விரிப்பில் ஆறு குவியல் போட்டோம். மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அத்தான் ஒரு குவியலைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பார், மாஸ்டர் பாராமலே ஒரு வீட்டைச் சொல்வார். அதோடு அது முடிந்தது, அப்பீல் கிடையாது. அவரவர் பைகளை அவரவரே கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிற நூல். எனக்கு நீலம், மாஸ்டருக்குப் பச்சை, அத்தானுக்குச் சிவப்பு. ஆனால் எங்கள் தொடர்மாடிக் குளிர்ப்பெட்டிகளின் மேல்தட்டில் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று வைத்தாலே கதவு மூடாது. ஆகவே இறைச்சி முழுவதும் அத்தானின் பிரீசரிலேயே தங்கியது. "இஞ்ச கிடக்கட்டும். வேணுமெண்ட நேரம் வந்து எடுங்கோ" என்றார்.

வேலைக்குப் போகும் வழியில் அவருடைய கார் தினமும் எங்கள் வாசல்களைக் கடந்துதான் போகும். ஒரு பையைக் கொண்டுவந்து தந்தால் என்ன என்று மாஸ்டர் கேட்டார். "வழியிலை உருகிப்போம், மாஸ்டர்" என்றார் அத்தான். தை மாதம். வெளியே மூக்குக்குள் மயிர் உறையும் குளிர். மாஸ்டர் ஜன்னலில் படிந்த உறைபனியைப் பார்த்தார்; பிறகு பஸ் நேர அட்டவணையைக் கேட்டார்.

அப்படித்தான் சனிக்கிழமைகள் தொடங்கின. ஒரு பை எடுக்க வந்தவன் அந்தத் தூரம் வந்ததற்காகவாவது தேத்தண்ணீர் குடிப்பான். தேத்தண்ணீர் முடியுமுன் இன்னொருவன் வருவான். சீட்டுக்கட்டு வெளியே வரும். கராஜில் ஒருவனின் பையை உடைத்து வறுவல் வைப்பார்கள். வறுக்கும் வாசம் கதவிடுக்கால் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அக்கா ஈரத் துவாய்த் துண்டை மடித்து வைப்பார். ஆனால் கூட்டத்துக்குச் சோறும் அவர்தான் வடிப்பார். வாசலில் சப்பாத்துகள் சேர்ந்தன. முற்றத்தில் வழித்துவைத்த இடத்தில் உண்மையிலேயே கார்கள் நின்றன. பை எடுக்க நிலவறைக்கு அத்தான் ஒருவரே இறங்குவார். "உங்களுக்கு இடம் தெரியாது, கலைச்சுப் போடுவியள்" என்பார்.

பனி கரையத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மாஸ்டர் பெரிய குளிர்காப்புப் பெட்டியோடு வந்தார். அவர் மகன் ஒரு சின்னப் பிரீசர் வாங்கியிருந்தான். "தம்பி, எல்லாற்றை பங்கையும் நான் ஒரேயடியாய்க் கொண்டுபோறன். ஒவ்வொருத்தரும் பஸ்சிலை இழுபடத் தேவையில்லை" என்றார். கராஜில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த அத்தான் திரும்பவில்லை. "நல்லது மாஸ்டர். போய் எடுங்கோ" என்றார். அகப்பை மட்டும் நின்றது.

மாஸ்டரும் நானும் இறங்கி மூடியைத் திறந்தோம். ஐந்து நிறங்கள் கொழுத்துக் கிடந்தன. குளிர்காலம் முழுக்க எடுத்துத் தின்ற இறைச்சி இவ்வளவு மிஞ்ச வழியில்லை. சிவப்பு நூல் மூலையில் வால் எலும்புப் பை ஒன்று மட்டும். நான் என் நீலப் பைகளைத் தூக்கிப் பார்த்தேன். நான் எதையும் இரு காது வைத்து, இழுத்தால் அவிழும்படிதான் முடிச்சுப் போடுவேன். இவற்றில் பாதிக்கு மேல் துறைமுகத்தில் கயிறு கட்டுகிறவனின் இறுகிய முடிச்சு. மாஸ்டரிடம் காட்டினேன். அவர் பச்சையைத் தூக்கினார்; அதிலும் அதே முடிச்சு. சிவப்பு மூலை ஏன் காலி என்று புரிந்தது.

சத்தம் கேட்டு அக்கா கடைசிப் படிவரை வந்தார். "இவர் தன்ரை பங்கை எப்ப திண்டு முடிச்சவர்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"இவரோ? கிழமை நாளிலை இறைச்சியே தொடுறேல்லை. ரெண்டு மாசமாய் கத்தரிக்காயும் பருப்பும்தான். முருகன் கண்ணைத் திறந்திட்டான் எண்டு நான் நேர்த்திக்கடன் கூட வைச்சிட்டன்" என்றார் அக்கா. அவர் முகம் முழுக்க மகிழ்ச்சி.

மாஸ்டர் எடுத்த பைகளை நிறம் மாறாமல் திரும்ப அடுக்கினார். மூடியைச் சாத்தினார். வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனார். அத்தான் இன்னமும் எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார். வெங்காயம் கருகத் தொடங்கியிருந்தது.

"தம்பி, பார்த்தனான். இது கன நாளைக்குக் காணாது. அடுத்த மாட்டுக்கு எப்ப போறம்?" என்றார் மாஸ்டர்.

அத்தான் அடுப்பைக் குறைத்தார். கருகிய வெங்காயத்தைத் தேவைக்கு மேல் கிண்டினார். மூக்கை உறிஞ்சிவிட்டு, எல்லாம் வெங்காயத்தால் வந்தது என்பதுபோலப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"காருக்குப் பெற்றோல் அடிச்சுத்தான் கிடக்கு, மாஸ்டர்."