உலகத்திலேயே பத்திரமான வண்டி

எங்கள் கூத்தாநல்லூரில் வெளிநாடு போகிறவன் டிக்கெட் கைக்கு வந்ததும் 'பயணம் சொல்ல'க் கிளம்புவான். பயணம் சொல்வது என்றால், வீடு வீடாக ஏறி, "பயணம் போறேன், ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க, எனக்காக துஆ செய்ங்க" என்று கேட்டுக்கொள்வது. சண்டைக்காரன் வீட்டுக்கும் போயாக வேண்டும். அவனும் டீ கொடுத்தாக வேண்டும். அப்படிப் பயணம் சொல்லிவிட்ட ஆள் மறுநாளும் கடைத்தெருவில் நின்றால் போச்சு. விசா போலி, ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான், ஏர்போர்ட்டில் பிடித்துத் திருப்பிவிட்டார்கள் என்று ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். மன்னித்தவர்களெல்லாம் மன்னிப்பைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயமாக இருக்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்துக்குப் பல வருஷமாக இந்த வழக்கத்தைத்தான் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூரில் ஒரு ஐரோப்பியக் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். மெக்கானிக் என்று நினைத்துவிட வேண்டாம். முன்பக்கக் கண்ணாடி மேசையில் உட்கார்ந்து, வண்டிக்காரர்கள் சொல்லும் குறைகளைத் தாளில் எழுதிக்கொள்வதுதான் என் வேலை. கியர் மாட்டிக்கொள்கிறது, ஏசி அனலாக அடிக்கிறது, கண்ணாடி இறங்கினால் ஏறமாட்டேன் என்கிறது, மழை பெய்தால் வண்டி தானாக ஹாரன் அடிக்கிறது. எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, மேனேஜர் கற்றுக்கொடுத்த பாடத்தை ஒப்பிப்பேன். எங்கள் வண்டி உலகத்திலேயே பத்திரமான வண்டி. கதவுக்குள்ளே இரும்புச் சட்டம். மோதினால் மூக்கு நசுங்குமே தவிர உள்ளே இருக்கும் ஆள் நசுங்கமாட்டார். இந்தப் பெருமைக்காகவே கம்பெனி பல காலமாகப் புது வண்டிகளைச் சுவரில் மோதவிட்டு உடைத்துப் பார்க்கிறது.

ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு இதைச் சொன்னால், பதினோராவது ஆளாக நாமே நம்ப ஆரம்பித்துவிடுவோம். நான் நம்பினேன். ஊர் திரும்பியதும், வெளிநாட்டிலிருந்து ஒருவர் கப்பலில் கொண்டுவந்து சென்னையில் விற்ற அதே கம்பெனி வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். எல்லோரும் புதிதாக வந்த சின்னச் சின்னக் கார்களை வாங்கிக்கொண்டிருந்த நேரம். அவை தகர டப்பா என்று எல்லோரிடமும் சொன்னேன். என் வண்டியின் குறைகளை என் கையாலேயே நாலு வருஷம் எழுதியவன் நான். ஆனாலும் வாங்கினேன். இதற்குப் புத்திசாலித்தனமான விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை.

வண்டி ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் யோசிக்கும். கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும், "என்ன பாய், இன்னிக்கு வண்டி ஓடுதா, இல்ல பத்திரமா இருக்கா?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "ஓடுற வண்டிதான் மோதும். இது மோதவே மோதாது" என்பேன். கேலியை நாமே முந்திக்கொண்டு செய்துவிட்டால் வலிக்காது என்பது என் கணக்கு.

என் தங்கச்சியின் மாப்பிள்ளை, அதாவது என் மச்சான், குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் பார்த்தவர். மேட்டூரில் தண்ணீர் திறக்காமல் குறுவையும் போய், சம்பாவும் பாதியில் கருகிய வருஷங்கள் அவை. இரண்டு வருஷம் அலைந்து வளைகுடாவில் ஒரு கிடங்கு வேலைக்கு விசா கிடைத்தது. குறிப்பிட்ட தேதிக்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விசா செத்துவிடும். அவர் தெருத்தெருவாகப் பயணம் சொல்லி முடித்தார். அவருடைய அம்மா, எனக்கு மாமி, திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் பேசிவிடலாம், எல்லோரும் போய் வழியனுப்பலாம் என்றார்.

"வேன் எதுக்கு மாமி? ரோட்டுல அந்த வேன்காரனுங்க ஓட்டுற லட்சணம் தெரியாதா? உலகத்துலயே பத்திரமான வண்டி நம்ம வீட்டு வாசல்ல நிக்குது."

"நிக்குதுன்னுதாம்ப்பா நானும் யோசிக்கிறேன்" என்றார் மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. நானேதான் கொண்டுபோய் விடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மாமி கடைசியில் விட்டுக்கொடுத்தார். மச்சானும் நானும் மட்டும் கிளம்பினோம்.

அன்று காலையிலேயே வண்டியின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கியருக்கான விளக்கு. அது எரிந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நூறு பேரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். மச்சான் கண்ணில் படாமல் இருக்க, ஒரு கைக்குட்டையை மடித்து அதன் மேல் போட்டேன்.

மன்னார்குடி தாண்டி, வடுவூரும் தாண்டி, இரண்டு பக்கமும் வயலாக இருந்த இடத்தில் வண்டி நின்றது. முகப்பில் 'பாதுகாப்பாக நிறுத்தவும்' என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. ஏற்கெனவே நின்றுவிட்ட வண்டி இப்படிச் சொன்னது. பிறகு எழுத்தும் அணைந்தது, மின்சாரமே போய்விட்டது.

மச்சான் பதறவில்லை. "பஸ் வரும், நான் ஏறிக்கிறேன் மச்சான்" என்று பின்னால் போய் டிக்கியைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. அந்த டிக்கிக்குச் சாவித்துளையே கிடையாது. மின்சாரப் பூட்டு. திருடனால் திறக்க முடியாது என்பது கம்பெனியின் பெருமைகளில் இன்னொன்று. பெட்டி உள்ளே, பெட்டிக்குள் பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டுக்குள் விசா.

"பாஸ்போர்ட்ட கைல வச்சிருந்தேன் மச்சான். நீங்கதான் பெட்டியில வைங்க, பத்திரமா இருக்கும்னீங்க" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். குத்திக்காட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன்.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் டிக்கியோடு மல்லுக்கட்டினேன். ஸ்குரு டிரைவர், வயலில் இரவல் வாங்கிய மண்வெட்டிக் காம்பு, கடைசியில் முழங்கால். இரண்டு தஞ்சாவூர் பஸ்கள் கடந்து போயின. அந்த நேரத்தில் சிங்கப்பூரில் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்த ஒரு நர்ஸ் ஞாபகம் வந்தது. வண்டி நடுவழியில் நின்றதால் டியூட்டிக்குப் போக முடியவில்லை என்று அழுதார். நான் அவரிடம் கதவுக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

அறுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா கொஞ்ச நேரம் எங்களை வேடிக்கை பார்த்துவிட்டு, கதவு வழியாக எட்டிப் பார்த்தார். "ஏங்க, இந்த பின் சீட்டுக்கு மேல ஒரு கொக்கி இருக்கே, இது எதுக்குங்க?" என்று இழுத்தார். சீட் முன்னால் மடிந்தது. பின்னால் இருட்டுக்குள் மச்சானின் பெட்டி.

"இது உங்க வண்டிதானே?" என்று கேட்டார் அந்த அம்மா.

பின் சீட் மடியும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். சர்வீசுக்கு வந்தவர்களுக்கு நானே மடித்துக் காட்டியிருக்கிறேன்.

தஞ்சாவூர் போய், அங்கிருந்து டாக்சி பிடித்துத் திருச்சி போனபோது விமானம் போயிருந்தது. விசாவில் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. ஏழாம் நாளுக்கு ஒரு சீட் கிடைத்தது. அதை விட்டால் வேறு சீட் இல்லை.

"வீட்டுக்குப் போயிடுவோம் மச்சான். அம்மாகிட்ட சொல்லிக்கலாம்" என்றார்.

"பயணம் சொல்லிட்டு வந்துட்டீங்களே! தெருவுல எப்படித் தலை காட்டுவீங்க? விசா போலின்னுல்ல பேசுவாங்க. உங்க மானத்துக்காகச் சொல்றேன்."

அவருடைய மானம் என்று சொன்னேன். உண்மையில் என் கண் முன்னால் நின்றது, "பத்திரமா இருக்கா பாய்?" என்று கேட்கும் கடைத்தெரு. அவரைக் கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் தங்கவைத்தேன். வண்டியை நெல் மூட்டை ஏற்றும் லாரியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு மூடி, தஞ்சாவூர் மெக்கானிக்கிடம் சேர்த்தேன். அப்புறம் ஊருக்குப் போய் மாமியின் எதிரில் நின்றேன்.

"பத்திரமா ஏத்தி விட்டுட்டேன் மாமி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்கு டீ கொடுத்தார். சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தார். குடித்தேன்.

போய்ச் சேர்ந்தவன் போன் செய்யவேண்டுமே. மூன்றாம் நாள் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு மச்சானைக் கூட்டிப்போனேன். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ஒட்டி நின்றோம். ரிசீவரின் மறுபக்கத்தில் நானும் காதை ஒட்டி வைத்திருந்தேன்.

"நல்லா இருக்கேம்மா. சேர்ந்துட்டேன். இங்க வெயில் ஜாஸ்தி." நான் எழுதிக்கொடுத்ததை அவர் ஒப்பித்தார். எனக்கு அது புதிதில்லை, ஒப்பிக்கும் வேலையில் நாலு வருஷ அனுபவம்.

அப்போது வெளியே ஒரு கண்டக்டர், தொண்டை கிழிய, "வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி! வலங்கைமான் ஏறு, ஏறு!" என்று கத்தினார். கதவு கண்ணாடி அதிர்ந்தது.



"அங்கேருந்தும் வலங்கைமானுக்கு பஸ் உடுறாங்களாப்பா?" என்றார் மாமி.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரிப்பா. வேளைக்குச் சாப்பிடு. பக்கத்துல டிரைவர் நிப்பாரு, அவருக்கும் சலாம் சொன்னேன்னு சொல்லு."

வைத்துவிட்டார். நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. மச்சான் லாட்ஜுக்கு நடந்தார். அன்று சாயங்காலம் நான் இல்லாதபோது அவரே மறுபடி பூத்துக்குப் போய், நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த நாலு நாளும் மாமி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாதாரணமாகவே பேசினார். தெருவில் கேட்டவர்களிடம், "மகன் போய்ச் சேர்ந்து போன் பண்ணிட்டான்" என்று சொன்னார். தங்கச்சியிடம்கூட மூச்சுவிடவில்லை.

ஏழாம் நாள் காலை வண்டி சரியாகிவிட்டது. நகக்கண் அளவு ஒரு சாமான்தான் கெட்டிருந்தது. அதை மாற்றிக்கொண்டு கும்பகோணத்துக்கு ஓட்டிப்போனேன். இந்தத் தடவை விட்டதைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். புத்தி எங்கே போகும்?

லாட்ஜ்காரர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஒரு அம்மா வந்தாங்க, சாப்பாட்டுத் தூக்கோட. கூட்டிட்டுப் போயிட்டாங்க. தஞ்சாவூர் பஸ் பிடிச்சு திருச்சி போறோம்னு சொன்னாங்க."

விரட்டினேன். பாபநாசம் தாண்டி அந்த பஸ்ஸைப் பிடித்தேன். பின் கண்ணாடி வழியாக மாமியின் வெள்ளை முக்காடும் பக்கத்தில் மச்சானின் தலையும் தெரிந்தன. ஹாரன் அடிக்கக் கை போனது. அடிக்கவில்லை. தஞ்சாவூரில் அவர்கள் வேறு பஸ் மாறினார்கள், அதன் பின்னாலும் போனேன். உலகத்திலேயே பத்திரமான வண்டி, திருச்சி வரைக்கும் அரசுப் பேருந்தின் புகையைக் குடித்துக்கொண்டே போனது. அன்றைக்குப் பார்த்து ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

ஏர்போர்ட் வாசலில் மச்சான் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு உள்ளே போனார். நேரம் நிறையவே இருந்தது. மாமி கண்ணாடிக்கு வெளியே, மகன் வரிசையில் நகர்ந்து மறைகிற வரைக்கும் நின்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"வண்டி நின்னு போச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன வண்டிய அடிக்கவாப்பா போறேன்? மூணு நாளு எனக்குத் தெரியாமலே புள்ள ஒரு ரூம்புல அடைஞ்சு கெடந்திருக்கான். பக்கத்து ஊர்ல. சாப்பாடு கொண்டாந்து குடுத்திருப்பேன்ல?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் வேடிக்கைப் பேச்சுதான். அது அங்கே செல்லாது.

"வாங்க மாமி, வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்" என்றேன் கடைசியில்.

"வேணாம்ப்பா. ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் இறங்கினா எங்கேர்ந்து வர்றீங்கன்னு கேப்பாங்க. நான் பஸ்ஸுல போய்க்கறேன்." தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மச்சான் விசா சாவதற்கு இரண்டு நாள் முன்னால் போய் இறங்கி, வேலையில் சேர்ந்தார். அடுத்த பெருநாளுக்கு நாங்கள் எல்லோரும் மாமி வீட்டில் கூடியிருந்தோம். எங்கள் பெரிய மாமா ஒருவர் வழக்கம்போல என் வண்டியைப் பேச்சுக்கு இழுத்தார். அது இதுவரை எந்த ஊருக்காவது போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே அடுப்படியிலிருந்து மாமியின் குரல் வந்தது.

"சும்மா கேலி பண்ணாதீங்க. என் மகன அந்த வண்டியிலதான் ஏர்போர்ட்டு வரைக்கும் பத்திரமா கொண்டுபோய் விட்டாரு."

சிரிப்பு நின்றது. எல்லோரும் கொஞ்சம் மரியாதையோடு என் பக்கம் திரும்பினார்கள். மகனுடைய பயணத்தைக் காப்பாற்ற மாமி சொன்ன பொய் அது. இல்லை மாமா, வண்டி நின்றுவிட்டது, மாமிதான் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டார் என்று நான் சொல்லியிருக்கலாம். மச்சான்தான் போய்ச் சேர்ந்தாயிற்றே, இனி யாருக்கு என்ன நஷ்டம்? வாயில் பிரியாணி இருந்தது. அதை நிதானமாக மென்று விழுங்கினேன்.

"பெல்ட் போட்டுக்கணும் மாமா" என்றேன். "அது ரொம்ப முக்கியம்."