பெரஷோன் ஏற்றம்

எங்கள் பக்கத்துச் சைக்கிள் பாதையில் மேடு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு எங்கள் ஊர்க் கிழவர் அன்செல்ம் பெரஷோனின் பெயர். அரசாங்கம் வைத்ததல்ல, சைக்கிள்காரர்கள் வைத்தது. பந்தயம் போகிற மலைச்சாலைகளில் வீரர்களின் பெயரை வெள்ளைப் பெயின்டால் தாரில் எழுதுவது இங்கே வழக்கம். அதே மாதிரி யாரோ ஒரு புண்ணியவான் மேட்டின் உச்சியில் 'பெரஷோன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் இரண்டு கழுதைக் காதுகளையும் வரைந்துவிட்டுப் போயிருந்தான். அன்செல்ம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

பாதை போவது பழைய ரயில் தடத்தில். ரயில் நின்று, தண்டவாளத்தையும் பிடுங்கிய பிறகு, அந்த நிலத்தைத் துண்டு துண்டாக அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கே விற்றுவிட்டார்கள். அன்செல்மின் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே போன துண்டு அவருக்கு வந்தது. அதில் அவர் மனைவி உகெத் வரிசையாகப் பீச் மரங்களை வைத்தாள். பழத்துக்கு வெளியே சாம்பல் பூத்த தோல், உள்ளே ஒயின் நிறச் சதை. மரங்கள் முழுக்க அவள் இலாகா. கிளைகளைக் கவாத்து செய்வது அவள், பறிப்பது அவள், ஜாம் காய்ச்சுவது அவள். அன்செல்ம் திராட்சைக்காரர். அவருடைய பங்கு ரொட்டியில் ஜாமைத் தடவுவது மட்டும்.

பல வருஷம் கழித்து, காரும் லாரியும் வராத பாதை போடப்போகிறோம் என்று மேயர் ரெழின் வீடு வீடாக வந்தாள். எல்லோரும் நிலத்தைக் கொடுத்தார்கள். அன்செல்ம் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார். விலை ஏற்றப் பார்க்கிறான் கிழவன் என்று ஊர் பேசியது. விஷயம் அதுவல்ல. ரெழின் வந்துபோன அன்று ராத்திரி உகெத் சொல்லியிருந்தாள்: "என் உசிரு இருக்கற வரைக்கும் அந்த மரத்து மேல ஒருத்தன் கை வெக்கக் கூடாது. சொல்லிட்டேன்." சரி என்று வாக்குக் கொடுத்தார். அதை ஊரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன் என்ற பெயரைவிடக் கழுதை என்ற பெயரே மேல் என்று நினைக்கிற ஆண்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். கடைசியில் பாதை அவர் தோட்டத்துக்கு முன்னால் திரும்பி, காட்டு மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

அடுத்த வருஷமே உகெத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆறு கிலோமீட்டர் தள்ளி, பூசெல் டவுனில் உள்ள முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். பேச்சு குழறியது. வசவு மட்டும் தெளிவாக வந்தது. சாப்பாடு என்றால் வாயை இறுக்கிக்கொள்வாள். அன்செல்ம் ஊட்டினால் மட்டும் நாலு வாய் இறங்கும், அதுவும் பசித்து அல்ல, அவருக்காக. அதனால் தினமும் மத்தியானம் அவர் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த மனுஷன், இலையுதிர்காலத்தில் வேட்டைக்காரர்கள் விருந்துக்குப் போனார். காட்டுப்பன்றிக் கறி, காளான், அவர் தோட்டத்து ஒயின். திரும்பும்போது ரவுண்டானாவில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னது.

"குடிச்சீங்களா?"

"இல்லையே. என் தோட்டத்து ஒயின்தான்."

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். சொந்தத் தோட்டத்து ஒயின் குடியில் சேராது என்று நாங்கள் மனதார நம்புகிறோம். போலீஸ்காரன் வடக்கத்தியான், நம்பவில்லை. ஆறு மாசத்துக்கு லைசென்ஸ் போயிற்று.

கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் கூட்டிப்போகிறேன் என்றார்கள். பத்து மணிக்குப் போகலாம், மூன்று மணிக்குப் போகலாம், எப்போது வேண்டுமானாலும். பன்னிரண்டு மணிக்கு மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் பன்னிரண்டு அடித்தால் சாப்பாடுதான்: கடை மூடும், டிராக்டர் நிற்கும், சண்டைகூட இரண்டு மணிவரை காத்திருக்கும். உகெத்துக்குச் சாப்பாடு வருவதும் அந்தப் பன்னிரண்டுக்குத்தான். ஊருக்குள் பஸ் கிடையாது. மெயின் ரோட்டில் மரம் ஏற்றிய லாரிகள் பறக்கும். மிச்சம் இருந்தது சைக்கிள் பாதை ஒன்றுதான்.

உகெத்தின் பழைய சைக்கிளை இறக்கினார். முன்னால் பூப்போட்ட கூடை. மதுக்கடை வாசலில் நின்ற ஃபிர்மேன், சின்ன வயதுக் கூட்டாளி, விடுவானா?

"டேய் அன்செல்ம்! கூடையில என்னடா, பொம்மையா?"

"உன் மூளை. வழியில கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்."

"சரி சரி. மேட்ட எப்படி ஏறப் போற? உன் பேர்ல இருக்கற மேடாச்சே, உனக்கு வழிவிடும்னு நெனச்சியா?"

மேடு வழிவிடவில்லை. எழுபத்து நாலு வயது முழங்கால் பாதி ஏற்றத்தில் மறுத்துவிட்டது. இறங்கித் தள்ளினார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றவர், இப்போது தன் பெயரையும் கழுதைக் காதுகளையும் மிதித்துக்கொண்டு தினமும் மூச்சு வாங்கினார். ஒரு நாள் ஒரு வெளியூர்ப் பையன், இறுக்கமான கால்சட்டைக்காரன், பக்கத்தில் நிறுத்தி, "தாத்தா, எந்த முட்டாள் இந்தப் பாதைய மேல திருப்பிவிட்டான்?" என்று கேட்டான். "இங்கதான் பக்கத்துல இருக்கான்" என்றார் அன்செல்ம்.

ஜனவரியில் தரை உறைந்தது. மேட்டிலிருந்து இறங்கும்போது சைக்கிள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனார்கள். முழங்கால் பூசணிக்காய் அளவு வீங்கியது. ஒரு வாரம் படுக்கை. எழுந்ததும் ஃபிர்மேன் தன் காரில் மூன்று மணிக்குக் கூட்டிப்போனான்.

உகெத் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாயே திறக்கல, நாங்களும் எவ்வளவோ பாத்துட்டோம்" என்றாள் நர்ஸ். உகெத் அவரைப் பார்த்தாள்.

"எங்கய்யா போன?"

"விழுந்துட்டேன்."

"மடையா" என்றாள். இடது கையால் அவர் முழங்காலைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் அன்செல்ம் தன் வீட்டு மேஜையில் சூப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். கரண்டி எழவில்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இனி அந்த மேட்டில் ஏற முடியாது. இதே நேரத்துக்கு அங்கே அவள் வாயை இறுக்கிக்கொண்டு இருப்பாள். இப்படியே போனால் லைசென்ஸ் வருவதற்குள் அவள் இருக்கமாட்டாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பயமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் இலையில்லாமல் நின்றன. மரமா, அவளா என்று கேட்டால் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் மரத்தை வெட்டாதே என்று கேட்டுக்கொண்டவளும் அவளேதான்.

கோலை எடுத்துக்கொண்டு நொண்டியபடி போய் மேயர் வீட்டுக் கதவைத் தட்டினார். பன்னிரண்டரைக்கு எங்கள் ஊரில் யாராவது கதவைத் தட்டினால் ஒன்று சாவு, இல்லையென்றால் தீ. ரெழின் கையில் முள்கரண்டியோடு ஓடி வந்தாள்.

"யாரு போயிட்டாங்க?"

"இன்னும் யாரும் போகல. அந்த நெலத்த எடுத்துக்க. பாதையப் போடு. சீக்கிரம் போடு."

ரெழின் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னிக்கு நான் எத்தன தடவ வந்து நின்னேன்! அப்ப முடியாதுன்னீங்களே, அன்செல்ம்?"

"அது அவ மரம். வெட்ட மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்."

ரெழின் முள்கரண்டியைத் தாழ்த்தினாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் உங்களத் திட்டியிருக்க மாட்டேனே" என்றாள். ஓரத்தில் ஒரு மரத்தை மட்டும் விட முடியும், எதை விடுவது என்று கேட்டாள். அன்செல்ம் போய் நின்று பார்த்தார். மொட்டையாக நின்றதில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. இருப்பதிலேயே நேராக, பருமனாக நின்ற ஒன்றைக் காட்டினார். மற்றவற்றை வெட்டிய அன்று அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ரம்பச் சத்தம் கேட்டதும் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். உகெத்திடம் சொல்லவில்லை.

பாதை நேரானது. மேடு காட்டோடு கிடந்தது. சமதரையில் முழங்கால் முனகாமல் போயிற்று, தினமும் நேரத்துக்குப் போய் நாலு வாய் ஊட்டினார். வசந்தத்தில் லைசென்ஸும் வந்து சேர்ந்தது. ஆனால் உகெத்துக்குக் காரில் ஏறினால் வாந்தி, கால் மடங்காது. வீட்டைப் பார்க்கவேண்டும் என்று அவள் கேட்டபோது, அன்செல்ம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைச் சக்கர நாற்காலியோடு பாதையில் இறக்கினார். ஆறு கிலோமீட்டர், ஒரு ஏற்றம் இல்லை, ஒரு வண்டி இல்லை. பழைய மேட்டு வழியாக இருந்திருந்தால் காளையைக் கட்டித்தான் இழுத்திருக்கவேண்டும்.

தோட்டம் நெருங்க நெருங்க அவர் நடை தளர்ந்தது. பன்னிரண்டு மணி ஆகிவிட்டிருந்தது, பாதையில் ஈ காக்கை இல்லை. விட்டுவைத்த அந்த ஒற்றை மரம் உச்சியிலிருந்து அடிவரை ரோஜா நிறத்தில் பூத்து நின்றது. அதன் எதிரே நாற்காலியை நிறுத்தினார்.

"வெட்டிட்டேன், உகெத். வாக்க மீறிட்டேன். வேற வழி தெரியல."

அவள் பாதையைப் பார்த்தாள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மரத்தை வெகுநேரம் பார்த்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அன்செல்ம் முன்னால் வந்து குனிந்தார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அவர் பார்க்காத சிரிப்பு, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, வந்துகொண்டே இருந்தது.

"மடையா," என்றாள் உகெத், தெளிவாக. "இது ஒரு தடவகூடக் காய்ச்சதில்ல. பூக்கும், அவ்வளவுதான். இத்தன வருசமா வெட்டணும் வெட்டணும்னு நெனச்சுட்டிருந்த மரம் இது ஒண்ணுதான்."

அன்செல்ம் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"நிக்காத," என்றாள் அவள். "தள்ளு. எனக்குப் பசிக்குது."