கிளீனர் சைடு கீல்

ஏசுபாதத்துக்கு இந்த உலகத்தில் இடதும் கிடையாது, வலதும் கிடையாது. டிரைவர் சைடு, கிளீனர் சைடு, அவ்வளவுதான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மீசை முளைக்காத வயதில் தொற்றிக்கொண்ட பேச்சு. டாக்டரிடம் போனாலும் "கிளீனர் சைடு தோளு வலிக்குது சார்" என்பான். மனைவி ரூத் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார்க் கதவு வேலைக்கு அவனை விட்டால் ஆளில்லை. அந்தத் தலைக்கனமும் ஐயாவுக்கு நிறையவே உண்டு.

அவனிடம்தான் ராமதாஸ் வந்தார். பொத்தேரியில் காலேஜ் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். மாமல்லபுரத்தில் ஒரு விடுதியின் பின்புறம் உப்புக்காற்றில் கிடந்த பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை ஆசைப்பட்டு வாங்கி, பல வருஷமாக ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். ரெண்டே சீட்டு. ரெடியானதும் மனைவி தமிழரசியை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவதாக வாக்கு. என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது. அவள் ஏற வேண்டிய கதவு மட்டும் கீல் இற்றுத் தொங்கியது. அதற்குள் சர்க்கரை நோய் அவள் காலில் கைவைத்துவிட்டது. திங்கட்கிழமை அந்தக் காலை வெட்டி எடுத்துவிடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போயாக வேண்டும்.

"ரெண்டு கீலுதான அண்ணாத்த? கண்ண மூடிக்கினு மாட்டிர்லாம்" என்றான் ஏசுபாதம். வெளிநாட்டுச் சாமான் வரவழைத்துத் தரும் சென்னை ஆளுக்கு உடனே போன் போட்டு, கார் பேரைச் சொல்லி, "கிளீனர் சைடு கதவு கீலு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு" என்றான்.

சனிக்கிழமை மதியம்தான் பார்சல் வரும் என்றார்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று காலையிலேயே பழைய கீலை மிஷினால் அறுத்துத் தள்ளினான். துரு தின்ற இரும்பு பொடியாக உதிர்ந்தது. வந்த புதுக் கீலோ பளபளவென்று இருந்தது. வைத்துப் பார்த்தான். ஓட்டை சேரவில்லை. தலைகீழாகப் பிடித்தான், வளைவு உள்பக்கம் போனது. நிமிர்ந்தவன் கண்ணில் ஸ்டியரிங் பட்டது. அது இடதுபக்கம் இருந்தது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்தது.

நம்ம ஊரில் கிளீனர் சைடு என்றால் இடது. போனில் பேசியவனும் நம்ம ஊர்க்காரன்தானே, இடதுபக்கக் கீலை அனுப்பிவிட்டான். இந்தக் காரில் தமிழரசி உட்காரப்போவது வலதுபக்கம். பழையதைப் பற்றவைக்க இரும்பு மிச்சமில்லை. செங்கல்பட்டு லேத்துக்காரர் புதுசாய்க் கடைந்து தர ஒரு வாரம் கேட்டார். கதவைக் கயிற்றால் கட்டிப் பார்த்தான். வண்டியை உலுக்கியதும் பிளந்துகொண்டு சாய்ந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தமிழரசி தலையில் பூ வைத்திருந்தாள். ஏசுபாதம் நடந்ததைச் சொல்லி, "என்னாலதான் அண்ணாத்த" என்று அழுதேவிட்டான். ராமதாஸ் திட்டியிருந்தால் தேவலை. அவர் கதவில்லாத ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியில் பெல்ட்டும் கிடையாது. கால் ஊன்ற முடியாதவளை லாரிகள் பறக்கும் ரோட்டில் எந்த தைரியத்தில் கொண்டுபோவது?

"ஆட்டோவுலயே கடலுக்குப் போய்டுங்கக்கா. கால நனைச்சிக்கினு வாங்க" என்றான் ஏசுபாதம்.

"தண்ணி பட்டா தெரியவா போவுது தம்பி? அது மரத்துப்போயி எம்மா நாளாச்சி" என்றாள் தமிழரசி. "இவுரு இத ஓட்டிக்கினு போறப்போ பக்கத்துல குந்திக்கினு பாக்கணும். அதான்."

இருவருமாகத் தூக்கி அவளை சீட்டில் உட்காரவைத்தார்கள். ராமதாஸ் வண்டியைக் கிளப்பினார். அவள் சரிந்துவிடாதபடி ஏசுபாதம் ஓட்டையில் குறுக்கே கையை வைத்து மறித்துக்கொண்டு கூடவே நடந்தான். ஷெட்டிலிருந்து ரோட்டு ஓரம் வரைக்கும் வண்டி ஊர்ந்தது. அதற்கு மேல் லாரிகள். ராமதாஸ் பிரேக்கை மிதித்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போதும், நிறுத்துய்யா" என்றாள். என்ஜின் அடங்கியது. ஏசுபாதம் இன்னும் கையை எடுக்கவில்லை.

"நாளிக்கி ஆஸ்பத்திரிக்கி ஆட்டோ சொல்லிடுய்யா" என்றாள்.