தனி வீடு மட்டும்

எங்கள் சாப்பாட்டு மேஜையில் பக்கத்து வீட்டு பாய் கொண்டுவந்து விரித்த வீட்டு வரைபடம் ஓரத்தில் சுருண்டுகொண்டே இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர்ச் சொம்பையும் மறுபக்கம் ஊறுகாய் ஜாடியையும் வைத்து நிறுத்தினேன். இருக்கிற வீட்டின் மேல் இரண்டு மாடி. இன்ஜினியர் போட்ட கோடுகளுக்கு நடுவே பாய் பென்சிலில் எழுதியிருந்தார்: கீழே பெரியவள், அதற்கு மேல் நடுவுள்ளவள், உச்சியில் சின்னவள்.

பாய் பரங்கிப்பேட்டைக்காரர். பாதி ஆயுளை சவுதியில் கழித்துவிட்டு, சிதம்பரத்துக்கு வெளியே எங்கள் நகரில் மனை வாங்கிக் குடிவந்தவர். அவர்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அங்கே வந்துவிடுவார். நடுப்பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று, வீடுதான் பாக்கி. "பக்கவாட்டுல எடமில்ல மச்சான், மேலதான் போவணும்" என்றார். பேஷாகக் கட்டுங்கள் என்று டீயும் கொடுத்து அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நகர் நலச் சங்கம் கூடியது. தண்ணீர் போதாது, மழைக்குச் சாக்கடை எதிர்த்து வருகிறது, மேலிருந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தனி வீடு மட்டும் என்று சொல்லித்தானே மனை விற்றார்கள், இவரை விட்டால் நகரே ஒண்டுக்குடித்தனமாகிவிடும் என்றார் செயலாளர். "அவுங்க ஜாஸ்தி ஆயிடுவாங்க" என்று பின்வரிசையில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

பாய்க்கு மாடி கட்ட அனுமதி தரக்கூடாது என்று பஞ்சாயத்துக்கு மனு எழுத என்னிடம் வந்தார்கள். ஆபீசில் காலமெல்லாம் கடிதம் எழுதிய கை. 'நகரின் அமைதிக்குக் குந்தகம்' என்று எழுதினேன். குந்தகமாம்! அந்தப் பெண்கள் உரக்கப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. நான் பிறந்ததே கடலூரில் ஐந்து குடும்பத்துக்கு ஒரே குழாய் இருந்த ஒண்டுக்குடித்தனத்தில். வெட்கங்கெட்டவன், அதை வசதியாக மறந்துபோனேன்.

அனுமதி கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருடம் போலப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். பாய் வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே திரும்பினார். மனுவின் நகல் அவர் கைக்கும் போயிருந்தது. என் எழுத்து அவருக்குத் தெரியாதா என்ன?

பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். வாடகைக்கு வீடு கேட்டு ஆட்கள் தேடி வந்தார்கள். உடனே எங்களுக்கு ஞானம் பிறந்துவிட்டது. மாடி கட்ட அனுமதி வேண்டும் என்று அதே சங்கம் மனுக் கொடுத்தது. அதையும் நான்தான் எழுதினேன், 'பெருகிவரும் குடியிருப்புத் தேவையை முன்னிட்டு' என்று ஆரம்பித்து. அனுமதி வந்தது. செயலாளர் முதலில் கட்டினார், அடுத்தது நான். இரண்டு மாடி.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பாய்க்குக் கிரகப்பிரவேசப் பத்திரிகை அனுப்பினேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக ஏறினார், ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து பார்த்தார். நடுப்பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கடலூரில் துணிக்கடை வேலைக்குப் போவதாகச் சொன்னார். அதற்கு மேல் கேட்கத் தைரியமில்லை.

உச்சி மாடியில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"ஒங்களுக்குப் பொண்ணு ஒண்ணுதானே மச்சான்?"

ஆமாம், கனடாவில் இருக்கிறாள், இனி இங்கே வரமாட்டாள் என்றேன்.

"நல்லா காத்தோட்டமா கட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போனார்.