பட்டால் நடப்பவர்

மாநில கிரிக்கெட் அணியின் தொடக்க ஆட்டக்காரர் அவர். கூட ஆடினவர்கள் வைத்த பேர் 'சர்வீஸ்'. நடராஜா சர்வீஸ் என்பதைச் சுருக்கிவிட்டார்கள். பந்து மட்டையில் மயிரிழை உரசி கீப்பர் கைக்குப் போனால் போதும், அம்பயர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார், மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். மற்ற ஆட்டக்காரர்கள் அப்படியா? பட்டது தெரிந்தும் ஒன்றும் அறியாத பாப்பா மாதிரி நிற்பார்கள். அம்பயர் விரலைத் தூக்கினால் போவார்கள், தூக்காவிட்டால் அடுத்த பந்தை ஆடுவார்கள். பிழைப்புக்கு ஆடுகிறவர்கள் மத்தியில் அதுதான் வழக்கம், யாரும் தப்பு சொல்வதில்லை.

ஆட்டம் என்று பார்த்தால், அடேயப்பா, அது தனி. பந்து எங்கே விழும் என்று மற்றவர்கள் யோசிப்பதற்குள் இவர் கால் அங்கே போயிருக்கும். ஓங்கி அடிக்கவே மாட்டார், தடவிவிடுவார், அது பாட்டுக்கு எல்லைக் கோட்டைத் தாண்டும். இருந்தும் நாட்டு அணியில் ஒருமுறைகூட எடுக்கவில்லை. தேர்வாளர்கள் வந்து உட்கார்ந்த நாளாகப் பார்த்து நாற்பது, ஐம்பது எடுத்திருப்பார், லேசாகப் பட்டிருக்கும், நடந்திருப்பார். நின்றிருந்தால் நூறு. தேர்வாளர்களுக்கு ஓட்டம்தான் கணக்கு, நடைக்கு யார் மார்க் போடுகிறார்கள்?

குடியிருப்பு மச்சான் வீட்டு மாடியில். மனைவிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இவர் ஊர் ஊராக ஆடப் போனபோதெல்லாம் குழந்தைகளையும் வீட்டையும் இழுத்துப் பிடித்தது அவள்தான். இவர் நடப்பதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசினதில்லை. மச்சான் சும்மா இருப்பாரா? "ஏன் மாப்ள, உங்களுக்கு மட்டும் சொர்க்கத்துல தனி மாடி கட்டிட்டு இருக்காங்களா?" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்தே கேட்பார். இவர் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்வார்.

முப்பத்து மூன்று வயதில், முட்டி முனக ஆரம்பித்த பிறகு, நாட்டு அணியில் ஓர் இடம் காலியானது. அதற்கு ஆள் பார்க்கத் தேர்வாளர் இவர் ஆட்டத்துக்கே வந்தார். இதை விட்டால் இனி கிடையாது என்று இவருக்கும் தெரியும், கேன்டீனில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும்.

முதல் இன்னிங்ஸில் முப்பத்தைந்தில் இருந்தார். வெளியே போன பந்துக்கு மட்டையை நீட்டினார். டிக் என்று ஒரு சத்தம். பவுலர் மட்டும் அரைகுறையாகக் கையைத் தூக்கினான். கீப்பர் வாயே திறக்கவில்லை. இவர் நடந்துவிட்டார்.

வீடியோ எடுக்கிறவர் அறையில் போட்டுக் காட்டினபோதுதான் விஷயம் தெரிந்தது. பந்துக்கும் மட்டைக்கும் நடுவில் ஒரு சாண் வெளிச்சம். அன்றுதான் புதுசாகக் கட்டியிருந்த கால் காப்பின் பக்கிளில் மட்டை இடித்திருக்கிறது. நடந்தே பழகினவனைத் தவிர வேறு யாருக்கு இந்தக் கூத்து நடக்கும்? தேநீர் இடைவேளையில் அம்பயரிடம் போய்க் கேட்டார். அவர் நல்ல மனுஷர். தனக்கும் பட்ட மாதிரி தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். "ஆனா நீங்களே நடந்தப்புறம் நான் என்னத்தப் பாக்கறது? விரலைத் தூக்கிட்டேன்."

அன்றைக்கு வாய் ஓயாத மச்சான்கூட ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இவருக்கு அதிகமாக வலித்தது.

இரண்டாவது இன்னிங்ஸுக்கு மனைவி லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். இவர் இருபதைத் தாண்டியிருந்தார். ஒரு பந்து விருட்டென்று எழும்பி வலது கை கிளவுஸை உரசிக்கொண்டு கீப்பரிடம் போனது. இதில் சந்தேகமே கிடையாது, கட்டைவிரல் நகத்தில் சூடு தெரிந்தது. மொத்த அணியும் தொண்டை கிழியக் கத்தியது. இவருடைய வலது கால் எழும்பியது. எழும்பின காலை அதே இடத்தில் வைத்தார். கிளவுஸ் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டினார்.

அம்பயர் பந்தையோ கீப்பரையோ பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தார். இவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

கத்தினவர்களில் கீப்பர்தான் முதலில் அடங்கினான். எதிரணிப் பையன், சின்ன வயசு, இவர் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன். பக்கத்தில் வந்து, "சாரிண்ணே, என் காதுலதான் என்னமோ கோளாறு. பட்டிருந்தா நீங்க நிப்பீங்களா?" என்றான்.

கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் ஆடியிருப்பார். இதற்கோ தலையை ஆட்டிவைத்தார். பிறகு நூற்று நாற்பது அடித்தார். அவ்வளவு அழகாக அவர் அதற்கு முன் ஆடினதில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அணியில் பேர் வந்தது. மச்சான் தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார். மாடியில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அது பட்டுச்சு" என்றார்.

"தெரியும். உங்க கால் எழும்பினதப் பாத்தேன்."

மடித்த சட்டையை அவள் அடுக்கில் வைத்தாள்.

"இத்தனை வருஷமா நீங்க நடந்தப்போ நாங்களும் கூடவேதான் நடந்தோம். எங்கள ஒரு தடவை கேட்டீங்களா? இப்பத்தான் நின்னிருக்கீங்க. பேசாம போய் ஆடிட்டு வாங்க."

போய் ஆடினார். நாட்டு அணியில் இரண்டு வருஷம், குறை சொல்ல முடியாத ஆட்டம். அங்கே எல்லாரையும் போல விரல் உயரும்வரை நின்றார், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் மாநில அணிக்குத் திரும்பினார். முதல் ஆட்டத்திலேயே ஒரு பந்து மட்டையைத் தாண்டிப் போனது, கீப்பர் கத்தினான். அதே அம்பயர். பழைய பழக்கத்தில் இவர் முகத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பந்து நிஜமாகவே படவில்லை.

"என்னைப் பாக்காதீங்க சார்," என்றார் இவர். "நீங்களே சொல்லுங்க."